கம்பெனி வாடை என்று நினைத்தோம்

பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டால்கூடக் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்ட ஆள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். எழுத வரும், பேசத்தான் வராது. எழுதும்போது எதிரே யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். என்னைப்போல் வாயை மூடிக்கொண்டிருக்கிறவர் யாராவது படித்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தையாவது கூடுதலாகச் சொல்வார் என்று ஓர் எண்ணம்.

என் பெயர் சூசைநாதன். கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் ஃபயர்மேன். பாய்லர் என்பது தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவி எடுக்கிற பெரிய உலை. அதன் வாயில் சவுக்குக் கட்டையைத் தள்ளி எரிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் எரித்தேன். தீயின் நிறத்தைப் பார்த்தே கட்டை ஈரமா, காய்ந்ததா, காற்று போதுமா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் உடம்புக்குள் தீ தப்பாக எரிவது தெரியாமல் போயிற்று.

2008ஆம் வருஷம் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலத்தில் நான் வருஷா வருஷம் ஒருசந்தி இருப்பேன், அதாவது நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அந்த வருஷம் இரண்டாவது வாரத்திலேயே பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. என் மனைவி அமலி கயிறு கட்டிக் கொடுத்தாள்.

"இந்த வருசம் ஒருசந்தி உங்களுக்கு நல்லாப் புடிச்சிருக்கு. போன வருசம் இவ்வளவு எளைக்கலியே" என்றாள். ஒருசந்தியின் இளைப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தாகம் அடங்கவில்லை. பாய்லர் முன்னால் நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா? நாளைக்கு ஒரு குடம் குடித்தேன். குடித்ததெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. குடிக்கிற தண்ணீர்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்து அந்த வாடை. என் வாயிலிருந்து, அழுகப் போகிற பழம்போல ஒரு தித்திப்பு வாடை. எங்கள் கம்பெனியில் அசிட்டோன் என்று ஒரு சால்வென்ட், மற்றதைக் கரைக்கிற திரவம், டிரம் டிரம்மாக வரும். அச்சு அசல் அதே வாடை. கூட வேலை செய்கிற குமார் ஒரு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னா மாமா, டிரம்முக்குள்ள படுத்துத் தூங்குனியா? பீடி பத்த வைக்காத, நீயே வெடிச்சிடப் போற" என்றான். நானும் சிரித்தேன். அமலி என் காக்கித் துணியைத் தனி வாளியில் ஊறவைத்தாள். நாங்கள் இருப்பது கம்பெனிகளுக்குப் பக்கத்துத் தெரு. காற்று திரும்பினால் தெருவே ஏதாவது ஒரு வாடை அடிக்கும். எங்கள் ஊரில் வாடை அடித்தால் யாரும் மனுஷனைப் பார்ப்பதில்லை, காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இளைத்ததற்கு ஒருசந்தி, தாகத்துக்கு பாய்லர், வாடைக்குக் கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அதனால் யாரும் டாக்டரிடம் போகவில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்து அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் மேல்வயிற்றில் வலி பிடித்தது. பிடித்த வலி முதுகுக்குப் போய் அங்கே நின்றது. கடப்பாரையை முன்னால் குத்திப் பின்னால் இழுத்தமாதிரி. படுத்தால் அதிகமாகிறது, குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் தாங்குகிறது. குனிந்தபடியே கடலூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். "குடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நம்பவில்லை. "வேற என்ன பண்ணுது?" என்று கேட்டார். ராத்திரி எட்டுத் தடவை எழுந்து போகிறேன் என்று ஒரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது? "வயித்து வலிதாங்க" என்று மட்டும் சொன்னேன். ரத்தம் எடுத்து அமைலேஸ் என்று ஒன்று பார்க்கச் சொன்னார். அது நார்மல் என்று வந்தது. சர்க்கரை இருக்கிறது, வலியில் ஏறியிருக்கும், பிறகு பார்க்கலாம் என்றார். வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார். நான் அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான்தான் சொல்லவில்லை.

நாலு நாள் வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓடி வந்த நாய்போல நெஞ்சு ஏறி இறங்கியது. செம்மண்டலத்திலிருந்து லூர்து அக்கா வந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவள். எனக்குப் பேச வராமல் போனதற்குக் காரணமே அவள்தான் என்று அமலி சொல்வாள், எனக்குப் பதிலாக எப்போதும் அக்காவே பேசிவிடுவாளாம். அன்றைக்கும் அவளே பேசினாள். "இவன் மூஞ்சப் பாரு. இனிமே கடலூரு வாணாம். வண்டியக் கூப்புடு, செதம்பரம் போலாம்."

வேன் எங்கள் கம்பெனி வாசல் வழியாகத்தான் போயிற்று. என் புகைபோக்கியில் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. காற்றைக் குறைத்து வைத்துவிட்டு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உயிர் போகிற வலியிலும் அதுதான் கண்ணில் பட்டது. ஆலப்பாக்கம் வரைக்கும் நினைவு இருந்தது. அதற்குப் பிறகு அக்கா சொல்லும் ஜெபம் மட்டும் தூரத்தில் கேட்டது.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டரம்மா. படித்து முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. என் முகத்துக்கு நேரே குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன வாடை இது?"

"கம்பெனி வாடைங்க" என்றேன்.

"எப்ப கடைசியா வேலைக்குப் போனீங்க?"

"வெள்ளிக்கெழமை."

"இன்னிக்கு புதன்கிழமை. அஞ்சு நாளா வீட்ல கெடக்குறீங்க. கம்பெனி உங்க வாய்க்குள்ளயா இருக்கு?"

அமலி என் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்தது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. தனி வாளியில் துணி ஊறவைத்தவள் அவள்தானே.

ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அமலி கையில் கொடுத்து, லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். லேப் வரிசையில் அவள் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். கையிலிருந்த குழாயில் அடியில் ரத்தம் இறுகி, மேலே வெள்ளையாக ஒன்று தங்கிவிட்டது, தயிர் கடைந்தால் மேலே நிற்குமே, அப்படி. தான் ஏதோ ஆட்டிக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து அழுதுகொண்டே லேப்காரரிடம், "சார், ரத்தத்துல பால் கலந்துடுச்சு சார், வேற எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றிருக்கிறாள்.

அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. இது கொழுப்பு. முதல்ல போயி டாக்டரக் கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

பின்னால் சின்ன டாக்டரம்மா எனக்கு விளக்கிச் சொன்னார். அதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு, மாங்காய்க் கீற்று மாதிரி கிடக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்கிற நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது. அந்த நீரில் அமைலேஸ் என்பது சோற்றிலுள்ள மாவுச்சத்தைச் செரிக்கும், லைபேஸ் என்பது கொழுப்பைச் செரிக்கும். கணையம் வீங்கிப் புண்ணானால் இவை குடலுக்குப் போகாமல் ரத்தத்தில் கசியும். அதனால் ரத்தத்தில் இவற்றின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். என் ரத்தம் பாலாக இருந்ததால் அமைலேஸ் பார்க்கிற மெஷினுக்குச் சரியாகத் தெரியாமல், முதலில் நார்மல் என்று காட்டியிருக்கலாமாம். இங்கே ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கிற நீரை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தார்கள். லைபேஸும் பார்த்தார்கள். சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கிற நார்மல் அளவைப்போலப் பதினைந்து மடங்கு இருந்தது.

"கணையத்துலேர்ந்து கசியுற நீரு கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிடும். அதான் வலி" என்றார். நான் ஒருசந்தி இருந்த நாளில் என் வயிறு என்னையே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கணையத்தின் இரண்டாவது வேலை இன்சுலின் சுரப்பது. சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்தில் ஓடுகிறது. இன்சுலின் இருந்தால்தான் அது உடம்புக்குள் நுழைந்து எரியும். எனக்கு இன்சுலின் வேலை செய்யவில்லை. முற்றத்தில் காய்ந்த கட்டை மலைபோலக் கிடக்கிறது, உலையின் கதவோ திறக்கவில்லை. தீ அணையாமல் இருக்க உடம்பு தன்னிடமுள்ள கொழுப்பை எடுத்து எரிக்கிறது. அதுதான் ரத்தத்தில் பாலாக நின்றது. அப்படி எரியும்போது வருகிற புகைக்குக் கீட்டோன் என்று பெயர். அதில் ஒன்று அசிட்டோனாம். எங்கள் டிரம்மில் இருப்பதேதான். புகையைப் பார்த்தே தீயின் குணம் சொல்கிறவன் நான். என் புகை என் மூக்குக்கு நேரேதான் வந்துகொண்டிருந்தது.

வார்டில் என்னைப் போட்டபோது மூக்கு வழியாக ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இரண்டு கையிலும் சலைன். கீழே குழாய் போட வந்தவர் ஒரு நர்ஸ். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். இதைக்கூடச் சொல்ல முடியாத வெட்கத்தில்தானே இங்கே வந்து சேர்ந்தோம் என்று நினைத்து அழுகை வந்தது. தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கவிட்டார்கள்: வாய் வழியாக எதுவும் கூடாது. தண்ணீர்கூடக் கூடாது. சாப்பாடு போனால் கணையம் மறுபடி நீர் சுரக்கும், அதற்கு ஓய்வு வேண்டும். அமலி பஞ்சை நனைத்து உதட்டில் ஒத்துவாள். அந்தப் பஞ்சைச் சப்பிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் குமராட்சிக்காரர் ஒருவர். கலியபெருமாள் என்று பெயர். வயல் வேலை செய்கிறவர். அவருக்கும் இதே நோய்தான், குடியினால் வந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு, "நான் குடிச்சிட்டு வந்து படுத்திருக்கேன். நீ குடிக்காமலே வந்து படுத்திருக்க. நஷ்டம் உனக்குத்தான் மச்சான்" என்றார். மச்சான் என்ற மரியாதையெல்லாம் அந்த ஒரு நாளோடு சரி, மறுநாளிலிருந்து யோவ்தான்.

காலையில் லேப் சீட்டு வந்ததும் அவருக்குப் பரீட்சை ரிசல்ட் மாதிரி. "யோவ், உன் லைபேஸ் எவ்ளோ? என்னுது உன்னுதுல பாதிகூட இல்ல. நான் பாஸு, நீ ஃபெயிலு." அவர் மனைவி, "எதுலதான் போட்டி போடுறதுன்னு இல்ல இந்த மனுசனுக்கு" என்பார். நானும் மனசுக்குள் எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு மூன்றாம் நாள் கொஞ்சம் இறங்கியது, நாலாம் நாள் இன்னும் இறங்கியது. இறங்க இறங்கப் பிழைத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் கலியபெருமாளுக்கு மூச்சு முட்டியது. திரையை இழுத்து மூடினார்கள். காலையில் கட்டில் காலியாக இருந்தது. அவர் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்த அவருடைய செருப்பைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என் காலை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

சின்ன டாக்டரம்மா வந்தபோது நானாக வாயைத் திறந்து கேட்டேன். வந்ததிலிருந்து நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "அவருக்கு என்னவிட நம்பர் கம்மிங்களே?"

"அந்த நம்பர் நோய் இருக்குன்னு சொல்லும். எவ்வளவு மோசம்னு சொல்லாது. ஜாஸ்தி இருக்கிறவங்க பொழைச்சிடுவாங்க, கம்மியா இருக்கிறவங்க..." என்று நிறுத்திவிட்டார்.

நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அந்த எண்தான். அதுவும் போயிற்று. அன்றைக்குப் பகல் முழுவதும் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஜெபம் வரவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பரீட்சை முடிகிற வரைக்குமாவது தாங்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று மாலை அக்கா வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், மாதா கோயில் விளக்கு எண்ணெய். எங்கள் பக்கம் வயிற்று வலி என்றால் அந்த எண்ணெயை வயிற்றில் தடவி, ஒரு வாய் உள்ளுக்கும் கொடுப்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அக்கா எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறாள். அமலி துணி துவைக்கப் போயிருந்த நேரம். அக்கா அட்டையைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"சோறுதான்டா கூடாது. இது மருந்து, மாதா குடுக்கிறது. இத டாக்டருக்குச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. வாயத் தொற."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். கொழுப்புதான் உங்க எதிரி என்று டாக்டரம்மா அத்தனை தரம் சொல்லியிருந்தார். ஆனால் பிறந்ததிலிருந்து அக்காவிடம் வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தது, கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து போய் வந்திருக்கிறாள். வாயைத் திறந்தேன். ஒரு வாய் நிறைய ஊற்றினாள். அதற்குப் பிறகு வலி ஊசி போட்டார்கள், தூங்கிப்போனேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பழைய வலி திரும்பிவிட்டது. வயிறு பலகை மாதிரி ஆயிற்று, காய்ச்சல் அடித்தது. அதற்கடுத்த நாள் லைபேஸ் சீட்டில் எண் மறுபடி ஏறியிருந்தது.

"ஏதாவது வாயில போட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டினேன்.

பெரிய டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சாப்பிடாமலே மறுபடி ஏறுகிறது என்றால் கணையத்தில் ஒரு பகுதி அழுகியிருக்கலாம், திறந்து பார்க்க வேண்டிவரும் என்றார். அமலியைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் என் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி. எனக்குக் கேட்டது.

"இந்த நிலைமையில ஆபரேஷன் பண்ணா ஆபத்து ஜாஸ்தி. பண்ணாம விட்டாலும் ஆபத்து. காலையில எடுத்துடலாம். கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அமலி காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவை வைத்தாள், எடுத்தாள். "அ" என்று போட்டுவிட்டு நிறுத்திவிட்டாள். "நான் போட்டு நீங்க போயிட்டீங்கன்னா, நானே அனுப்புனமாதிரி ஆயிடாதா?" என்றாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "போடும்மா, மாதா இருக்கா" என்றாள்.

எண்ணெயைப் பற்றிச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம். சொன்னால், என்னை வளர்த்தவள் என்னைக் கொல்லப் பார்த்தாள் என்று வார்டு முழுக்கக் கேட்கும். மாதா எண்ணெயைக் குறை சொன்ன பாவமும் சேரும். சொல்லாமல் செத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமல் செத்துவிடலாம் என்றுதான் அப்போது முடிவுக்கு வந்தேன். எனக்கு அது சுலபமாகத் தெரிந்தது.

டாக்டரம்மா சலைன் மாற்ற வந்தபோது அக்கா ஜெபமாலை சொல்ல வெளியே போயிருந்தாள். அமலி மட்டும் அந்த ஒற்றை எழுத்துப் போட்ட காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒற்றை எழுத்தைத்தான் பார்த்தேன்.

"எண்ணெய்" என்றேன்.

"என்ன எண்ணெய்?"

"குடிச்சேங்க. ஒரு வாய். கோயில் எண்ணெய்."

"யாரு குடுத்தா?"

அமலி என்னைப் பார்த்தாள், பிறகு வெளியே பார்த்தாள். டாக்டரம்மா எழுந்து போனார். திரும்பி வரும்போது கூட அக்கா வந்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் இல்லை என்று சாதிப்பாள், சத்தம் போடுவாள், அல்லது அழுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா, நான்தான் குடுத்தேன்" என்றாள் அக்கா. கோயிலில் சாமியாரிடம் பாவத்தை ஒத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் சொல்கிற குரல். "ஒரு வாய்னு அவன் சொல்லுறானா? அவனுக்குத் தெரியாது. ஊசி போட்டு மயக்கமாக் கெடக்கும்போது இன்னும் ரெண்டு வாட்டி குடுத்தேன். நேத்து காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு வாய். இதான் பாட்டிலு, பாத்துக்குங்க எவ்ளோ கொறைஞ்சிருக்குன்னு."

டாக்டரம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாட்டிலோடு பெரிய டாக்டரிடம் போனார்.

பெரிய டாக்டர் வந்து அக்காவைத்தான் பார்த்தார். "மயக்கத்துல கெடக்குறவனுக்கு வாயில ஊத்துனா நுரையீரலுக்குப் போயிருக்கும். அது தெரியுமா?" என் வாழ்நாளில் அக்கா பதில் சொல்லாமல் நின்று பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "எண்ணெயாலதான் ஏறிச்சின்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா காரணம் ஒண்ணு கெடைச்சிருக்கு. ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாம். மறுபடி ஸ்கேன் எடுங்க" என்றார்.

அந்த ஒரு நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழுகியிருந்தால் அந்த ஒரு நாளே என்னைக் கொன்றுவிடும், அழுகாமல் இருந்தால் அந்த ஒரு நாள்தான் என்னைக் காப்பாற்றும். எது என்று யாருக்கும் தெரியாது. அக்கா வார்டுக்கு உள்ளே வரவில்லை. வாசல் கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். "அண்ணி, ஒரு வாய் காபியாவது குடிங்க" என்று அமலி போய்க் கூப்பிட்டதற்கு, "அவன் குடிக்கட்டும், அப்புறம் நான் குடிக்கிறேன்" என்றாளாம்.

ஸ்கேனில் வீக்கம் இருந்தது, அழுகல் இல்லை. மறுநாள் காய்ச்சல் விட்டது. வயிறு இளகியது. அதற்கடுத்த நாள் லைபேஸ் இறங்கியது. அதை நான் சந்தோஷமாகப் பார்க்கவில்லை. கலியபெருமாளுக்கும் கம்மியாகத்தான் இருந்தது. அமலி அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இன்றுவரை கிழித்துப் போடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று, பதினோரு நாளைக்குப் பிறகு, இரண்டு ஸ்பூன் அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி நேரம் வலிக்கிறதா என்று காத்திருந்தோம். வலிக்கவில்லை. அமலி வெளியே போய்ச் சொன்னாள். அக்கா அங்கேயே உட்கார்ந்தபடி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாளாம்.

ஈஸ்டர் முடிந்துதான் வீட்டுக்கு வந்தோம். செலவுக்கு அமலியின் அண்ணன் தன் பசுவை விற்றார், அதை எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார்கள். இப்போது தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். சமையலில் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய், அதற்கு மேல் கூடாது. கணையம் புண்பட்டது புண்பட்டதுதான், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்றே அனுப்பினார்கள். பாய்லர் வேலை போயிற்று. அதே கம்பெனியில் கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கும்போது, குழாயில் மேலே வெள்ளை நிற்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

அக்கா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். கையில் அதே பாட்டில். அமலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"வாயத் தொறக்கச் சொல்லல. சட்டையத் தூக்கு" என்றாள் அக்கா. தூக்கினேன். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி என் வயிற்றில் தடவினாள். "வெளியதான் தடவுறேன். வெளிய கூடாதுன்னு டாக்டரு சொன்னாரா?"

"சொல்லலை அண்ணி" என்றாள் அமலி.

ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள், தடவுகிறாள்.

அமலிக்கு வேறு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் நான் எழுந்ததும் சன்னலையும் கதவையும் சாத்துவாள், கம்பெனிக் காற்று உள்ளே வரக் கூடாது. என் முகத்துக்கு நேரே வந்து நின்று, "ஊதுங்க" என்பாள். ரோட்டில் போலீஸ்காரர் குடிகாரனை ஊதச் சொல்கிற மாதிரி. சின்னவள் பார்த்துச் சிரிப்பாள். நான் ஊதுவேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்று கதவைத் திறந்துவிடுவாள். நாலு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை.

போன வாரம் ஒரு நாள் ஊதினேன். அமலி கதவைத் திறக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வாட்டி ஊதுங்க" என்றாள்.

பயமாயிருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை ஊதினேன்.